டிரம் மெஷினில் பஞ்ச் வரவழைப்பது எப்படி: கிக் நாப் முதல் ரெக்கார்டிங் வரை

புதிதாக டிரம் மெஷின் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் புலம்புவார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் பிரமாதம், பாட்டுக்குள் கொண்டுவந்தால் கிக் (கனமான பேஸ் டிரம் அடி) பக்கத்து வீட்டில் விழுகிற மாதிரி கேட்கிறது. உடனே கம்ப்ரசர் (சத்தமான இடங்களை அமுக்கும் கருவி) தேடுவார்கள், அப்புறம் பிரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி), அப்புறம் இன்னொரு மெஷின். பெரும்பாலும் இதில் காசு போவதுதான் மிச்சம். பஞ்ச் என்று நாம் சொல்லும் அந்த நெஞ்சில் குத்துகிற அடி, மெஷினின் முகப்பில் இருக்கும் நாப்களிலும் (திருகு குமிழ்கள்), நாம் போடும் பேட்டர்னிலுமே (அடிகளின் வரிசை) கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது. பின்னால் வரும் கருவிகள் அதைக் காப்பாற்றும், கொஞ்சம் தூக்கிக் காட்டும். இல்லாததை உண்டாக்க அவற்றால் முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ரொம்ப நேரம் மெஷினிலேயே நிற்கப் போகிறோம்.

உதாரணத்துக்கு ரோலண்ட் டிஆர்-909 வகை மெஷினை எடுத்துக்கொள்கிறேன். அசல் 909 1983இல் வந்தது, மொத்தமே சுமார் 10,000தான் செய்தார்கள். இன்று அதைத் தேடி வாங்கத் தேவையில்லை. ரோலண்டின் டிஆர்-8எஸ், டிஆர்-09, பெரிங்கர் ஆர்டி-9 எல்லாம் அதே வழியில் வந்தவை. உங்களிடம் கோர்க் வோல்கா பீட்ஸ், ஆர்ட்டூரியா டிரம்ப்ரூட், எலெக்ட்ரான் அனலாக் ரிட்டம் போல வேறு எது இருந்தாலும் சரி. நாப்களின் பெயர் கொஞ்சம் மாறும், வேலை மாறாது.

சத்தம் வேறு, அடி வேறு

ஒரு கிக்கை மூன்று துண்டாகப் பார்க்கலாம். முதல் 5 முதல் 10 மில்லிசெகண்ட் வரை ‘டிக்’ என்று ஒரு க்ளிக். அடுத்த 50, 100 மில்லிசெகண்டில் சுருதி மேலிருந்து சடாரென்று கீழே இறங்கும் உடல் பகுதி. அதன் பிறகு 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இழுபடும் வால். க்ளிக்குக்கும் வாலுக்கும் இடையே லெவல் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அந்த மாற்றத்தைத்தான் காது ‘அடி’ என்று எடுத்துக்கொள்கிறது. வாலை நீட்டினால் சத்தம் கூடும், மீட்டர் ஏறும், ஆனால் அடி மழுங்கும். அடுத்த அடிக்கு முன் ஒரு சின்ன மௌனம் இருந்தால் அதே கிக், லெவலைத் தொடாமலே, பலமாகக் கேட்கும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைத்தான் வெவ்வேறு இடத்தில் செய்கின்றன.

படி 1: எல்லா லெவலையும் கீழே இறக்குங்கள்

பல டிஜிட்டல் மெஷின்களில் எல்லா ட்ராக்கும் முழு லெவலில் இருந்தால் மாஸ்டர் அவுட்புட்டுக்குள்ளேயே நெரிசல் வந்துவிடும். க்ளிக்கின் முனை அங்கேயே வெட்டுப்படும். வெளியே என்ன செய்தாலும் அது திரும்ப வராது.

அதனால் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, கிக்கை மட்டும் முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள். அதற்குக் கொஞ்சம் கீழே ஸ்னேர் (‘டப்’ என்று வெடிக்கும் சின்ன டிரம்). ஹை-ஹாட்டை (‘டிஸ்’ என்று ஒலிக்கும் ஜோடித் தாளத்தட்டு) கடைசியில், ‘இருக்கிறது’ என்று தெரியும் அளவுக்கு மட்டும் கொண்டுவாருங்கள். ஹை-ஹாட் எப்போதும் நாம் நினைப்பதைவிடச் சத்தமாகத்தான் இருக்கும். அதை இறக்கினாலே கிக் பெரிதாகிவிட்ட மாதிரி தோன்றும்.

படி 2: கிக்

பெரும்பாலான நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். வேகத்தை 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 பீட்) வையுங்கள். பேட்டர்னின் 16 ஸ்டெப்பில் (கட்டங்களில்) 1, 5, 9, 13இல் கிக். வேறு எதுவும் வேண்டாம்.

909 கிக்குக்கு லெவலைத் தவிர மூன்று நாப்: டியூன், அட்டாக், டீகே. இதில் டியூன் ஏமாற்றும். அது கிக்கின் அடிச் சுருதியை மாற்றுவதைவிட, சுருதி மேலிருந்து கீழே இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைத்தான் மாற்றுகிறது. முழுக்க இடது பக்கம் வைத்தால் ‘டப்’ என்று நெருக்கமாக விழும். வலப்பக்கம் போகப்போக ‘டூம்’ ஆகி, கடைசியில் டாம் அடிப்பது போல ஆகிவிடும். பஞ்ச் வேண்டுமென்றால் கால்வாசிக்கு மேல் போக வேண்டிய அவசியம் அநேகமாக வராது. சுருதி இறங்குவது தனியாகக் காதில் விழக் கூடாது, அடியின் பாகமாக மறைந்துவிட வேண்டும்.

அட்டாக் நாப் க்ளிக்கின் அளவு. தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும் அளவில் விடுங்கள். பாட்டில் மற்ற வாத்தியங்கள் வந்ததும் முதலில் மறைவது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதிதான். அங்கே க்ளிக் இல்லையென்றால் கிக் எப்போது விழுந்தது என்பதே காதுக்குத் தெரியாது.

இப்போது டீகே, அதாவது வாலின் நீளம். முழுக்க வலப்பக்கம் திருப்பி ஆரம்பியுங்கள். மெதுவாக இடது பக்கம் கொண்டுவாருங்கள். ஒரு இடத்தில் கிக் திடீரென்று மெலிந்து அட்டைப்பெட்டி தட்டுவது போல ஆகும். அங்கிருந்து ஒரு மயிரிழை திரும்பி வந்து நிறுத்துங்கள். அடுத்து 3, 7, 11, 15இல் ஓப்பன் ஹை-ஹாட் போடுங்கள். 128 பிபிஎம்மில் ஒரு பீட் 469 மில்லிசெகண்ட், அதில் பாதி 234. அதாவது ஓப்பன் ஹாட் விழும் நேரத்துக்குக் கிக்கின் வால் அடங்கியிருக்க வேண்டும். ஹாட்டுக்கு அடியில் இன்னும் ‘ம்ம்ம்’ என்று ஏதாவது ஓடினால் டீகேயை இன்னும் குறையுங்கள். 100 பிபிஎம்மில் பாதி பீட் 300 மில்லிசெகண்ட் ஆகிவிடும், அங்கே நீளமான வாலுக்கு இடமுண்டு. ஆக, வேகத்தை மாற்றினால் டீகேயையும் மாற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, ‘நேற்று நல்லா இருந்ததே’ என்று தலையைச் சொறிவார்கள்.

ரோலண்ட் டிஆர்-808 வகை கிக்கின் கதை வேறு. 1980இல் வந்த அந்த மெஷினின் கிக்குக்கு லெவல், டோன், டீகே மட்டும்தான். டியூன் நாப் கிடையாது. க்ளிக் சன்னமானது, வால் சுமார் 50 ஹெர்ட்ஸில் நீளமாக ஒலிக்கும். டீகேயை நீட்டினால் அது கிக் இல்லை, பேஸ் வாத்தியம். அப்படிப் பயன்படுத்துவது தவறில்லை, ஹிப்-ஹாப்பில் பாதி அதில்தான் நிற்கிறது. ஆனால் அதே சத்தம் பேஸாகவும் இருக்க வேண்டும், நெஞ்சில் குத்தவும் வேண்டும் என்றால் நடக்காது. நீளமான 808 வைத்துக்கொண்டு அடியும் வேண்டுமென்றால், அதே ஸ்டெப்பில் ரிம்ஷாட்டையோ ஒரு குட்டையான கிக்கையோ சன்னமாகச் சேர்த்து, க்ளிக்கை அதனிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கிக்கைப் பாட்டின் சுருதிக்கு டியூன் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். நீளமான 808க்கு, டியூன் செய்யும் வசதி உள்ள மெஷினில், கட்டாயம் வேண்டும்: ஏ 55 ஹெர்ட்ஸ், ஜி 49, எஃப் கிட்டத்தட்ட 44. குட்டையான 909 கிக்குக்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி. சுருதி சறுக்கிக்கொண்டே போகும் 150 மில்லிசெகண்ட் சத்தத்தில் எந்த ஸ்வரத்தைப் பிடிக்கப் போகிறீர்கள்?

எம்பிசி, டிஜிடாக்ட் போன்ற சாம்பிள் மெஷின் (பதிவு செய்த ஒலித்துண்டுகளை வாசிப்பது) வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சாம்பிளின் தொடக்கம். முன்னால் 5 மில்லிசெகண்ட் மௌனம் ஒட்டிக்கொண்டிருந்தாலே அடி பின்தங்கும். திரையில் பெரிதாக்கி, அலை எழும் இடத்திலேயே ஆரம்பிக்கும்படி வெட்டுங்கள். ஆம்ப் என்வலப்பில் (சத்தம் எழுந்து அடங்கும் விதத்தை முடிவுசெய்யும் அமைப்பு) அட்டாக், அதாவது சத்தம் எழ எடுக்கும் நேரம், பூஜ்யமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய ஹிப்-ஹாப் டிரம்ஸின் கரடுமுரடுக்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. 1987இல் வந்த இ-மு எஸ்பி-1200இல் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங், மொத்த நினைவகமே 10 செகண்ட். இடத்தை மிச்சம் பிடிக்க இசைத்தட்டை வேகமாக ஓட்டி சாம்பிள் எடுத்து, மெஷினுக்குள் சுருதியை இறக்குவார்கள். அப்படி இறக்கும்போது சேரும் நெறுநெறுப்பு ஸ்னேருக்கு ஓர் ஓரத்தைக் கொடுத்தது. உங்கள் சாம்பிளரில் இதையே செய்து பார்க்கலாம்: சாம்பிளை ஐந்தாறு செமிடோன் (அரைச்சுர இடைவெளி) ஏற்றி ரெக்கார்ட் செய்து, அதே அளவு இறக்கி வாசியுங்கள். பிட் ரிடக்‌ஷனும் (ஒலியின் பிட் அளவைக் குறைத்துக் கரடாக்குவது) இருந்தால் கொஞ்சம் சேருங்கள்.

படி 3: ஸ்னேரும் கிளாப்பும்

909 ஸ்னேரில் டியூன், டோன், ஸ்னாப்பி (இரைச்சலின் அளவு). உடல் பகுதி ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம், மேலே இரைச்சல். ஸ்னாப்பியைக் கூட்டினால் பஞ்ச் கூடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பெரும்பாலும் வெறும் ‘ஷ்’தான் கூடுகிறது. முதலில் ஸ்னாப்பியை முழுக்க இறக்கி, டியூனை மட்டும் வைத்து உடலைச் சரிசெய்யுங்கள். கிக்கும் ஸ்னேரும் மாறிமாறி வரும்போது ஸ்னேரின் உடல் கிக்குக்கு மேலே தனியாக உட்கார வேண்டும். அதன் பிறகு ஸ்னாப்பியை, இரைச்சல் ஒரு துணுக்காகத் தெறித்து அடங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள்.

கிளாப் சேர்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அனலாக் கிளாப் ஒரே சத்தம் இல்லை. சில மில்லிசெகண்ட் இடைவெளியில் பல குட்டி வெடிப்புகள், அப்புறம் ஒரு வால். கடைசி வெடிப்புதான் காதுக்குப் பலமாகப் படும். அதனால் ஸ்னேரும் கிளாப்பும் ஒரே ஸ்டெப்பில் இருந்தாலும் கிளாப் சற்றுத் தாமதமாகக் கேட்கும். மெஷினில் மைக்ரோடைமிங் (அடியை ஸ்டெப்பிலிருந்து இம்மியளவு நகர்த்தும் வசதி) இருந்தால் கிளாப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இரண்டும் ஒன்றாக வெடிக்கும் இடத்தைக் காதால் தேடுங்கள். அந்த இடம் கிடைத்ததும் இரண்டும் சேர்ந்து ஒரே சத்தம் ஆகிவிடும்.

படி 4: ஹை-ஹாட்

டீகேயைக் குறையுங்கள். லெவலைக் குறையுங்கள். இங்கே வேறு வேலை இல்லை.

படி 5: பேட்டர்னில் இடம் விடுங்கள்

சில ஸ்டெப்புகளை மட்டும் அழுத்தி அடிக்க வைக்கும் அக்சென்ட்டைப் பயன்படுத்தாதவர்கள் மெஷினில் பாதியை விட்டுவிடுகிறார்கள். 808, 909 போன்றவற்றில் அக்சென்ட் வெறும் வால்யூம் இல்லை, சர்க்யூட்டைத் தூண்டும் மின்னழுத்தமே கூடுகிறது. அதனால் சத்தத்தின் தன்மையும் கொஞ்சம் மாறும். ஆனால் 16 ஸ்டெப்பிலும் அக்சென்ட் போட்டால் அக்சென்ட்டே இல்லாதது போலத்தான். 5, 13இல் மட்டும் போட்டு, மற்ற இடங்களில் ஹாட்டை மென்மையாக விடுங்கள்.

கிக் விழும் அதே ஸ்டெப்பில் ஹாட், ஷேக்கர், டாம் எல்லாம் கூடவே விழுந்தால் க்ளிக் அவற்றுக்கு அடியில் புதைந்துபோகும். கிக் ஸ்டெப்பிலிருந்து ஹாட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் குறையாது, கிக் முன்னால் வந்து நிற்கும். ஒரு ஈக்யூவும் (குறிப்பிட்ட அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இந்த வேலையை இவ்வளவு மலிவாகச் செய்யாது.

படி 6: கேபிள், லெவல், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்

மெஷினின் மாஸ்டர் வால்யூமை முக்காலுக்கு மேல் வைத்து, ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் இன்புட்டில் சொருகுங்கள். கிதார் படம் போட்ட இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் வேண்டாம், அது சீக்கிரம் நிரம்பி முனையை வெட்டிவிடும். மீட்டரில் உச்சம் -12க்கும் -6 டெசிபலுக்கும் இடையே வந்தால் போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது சிவப்பைத் தொட்டு வருவதால் ஒரு லாபமும் இல்லை.

தனித்தனி அவுட்புட் இருந்தால் குறைந்தபட்சம் கிக்கையாவது தனியாக எடுங்கள். டிஆர்-8எஸ் போன்றவற்றில் யூஎஸ்பி ஒன்றிலேயே எல்லா ட்ராக்கும் தனித்தனியாக வந்துவிடும். ஒரே ஸ்டீரியோ அவுட்புட்தான் என்றால் பேட்டர்னை இரண்டு மூன்று தடவை ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை ம்யூட் செய்து பதிவு செய்யலாம். மெஷின் மிடி கிளாக்கில் (கம்ப்யூட்டர் அனுப்பும் தாள சிக்னலில்) ஓடினால் ஒவ்வொரு பதிவும் ஒரு சில மில்லிசெகண்ட் தள்ளி ஆரம்பிக்க வாய்ப்புண்டு. பதிவு செய்தபின் முதல் அடியைக் கோட்டோடு ஒட்டிவையுங்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் பாதையில் இணைவது) இருந்தால் வரும் ஹம்மும் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) 50, 100 ஹெர்ட்ஸில்தான் வரும், அதாவது சரியாகக் கிக்கின் வீட்டிலேயே குடியேறும். கிக் அடிக்கும்போது தெரியாது. ஆனால் அடிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய மௌனத்தை நிரப்பிவிடும், பின்னால் கம்ப்ரசர் போட்டால் இன்னும் மேலே வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றுவிட்டால் பிரச்சினை லூப்தான். எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டுங்கள், போதவில்லையென்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) ஒன்றை நடுவில் வையுங்கள். ப்ளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

படி 7: கொஞ்சம் டிஸ்டார்ஷன்

கம்ப்ரசருக்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். 50 ஹெர்ட்ஸ் கிக்கைக் கொஞ்சம் ஓவர்டிரைவ் செய்தால் 100, 150 ஹெர்ட்ஸில் ஹார்மானிக்ஸ் (அடிச் சுருதியின் மடங்குகளாக வரும் ஒலிகள்) பிறக்கின்றன. போன் ஸ்பீக்கரும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரும் 50 ஹெர்ட்ஸை அநேகமாக வாசிக்கவே வாசிக்காது. மேலே உள்ள ஹார்மானிக்ஸைக் கேட்டு மூளை கீழே இருப்பதை ஊகித்துக்கொள்ளும். டிரம்ப்ரூட் இம்பாக்ட்டிலும் அனலாக் ரிட்டமிலும் டிஸ்டார்ஷன் உள்ளேயே இருக்கிறது. இல்லாதவர்கள் ஒரு சின்ன மிக்ஸரின் கெயினை ஏற்றி, ஃபேடரை இறக்கியும் செய்யலாம்.

எங்கே நிறுத்துவது? டிரைவை ஏற்ற ஏற்ற உடல் தடிக்கும், ஒரு கட்டத்தில் க்ளிக் அதோடு சமமாகிவிடும். அந்த நொடியில் பஞ்ச் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் நில்லுங்கள். ஹை-ஹாட்டை இந்த வழியில் அனுப்பவே வேண்டாம்.

படி 8: கம்ப்ரசர்

ஒரு சின்னக் கணக்கு. 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 20 மில்லிசெகண்ட் ஆகும். கம்ப்ரசரின் அட்டாக்கை (அது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 1 மில்லிசெகண்டில் வைத்தால், அலை ஒரு சுற்றுக்கூட முடிப்பதற்குள் அதன் கழுத்தைப் பிடித்துவிடுகிறோம். க்ளிக்கும் அமுங்கும், அடிப்பகுதியும் பிசிறடிக்கும். அட்டாக் 20, 30 மில்லிசெகண்ட் என்றால் அடி முழுதாக வெளியே போன பிறகுதான் கம்ப்ரசர் வேலையைத் தொடங்கும். வால் மட்டும் இறங்கும், அடிக்கும் வாலுக்கும் உள்ள வித்தியாசம் கூடும். நமக்கு வேண்டியதே அதுதான்.

கிக்குக்கு இப்படி ஆரம்பியுங்கள்: ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது) 4:1, அட்டாக் 30, ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்) 100 மில்லிசெகண்ட், த்ரெஷோல்டை (அமுக்கம் தொடங்கும் லெவல்) மீட்டரில் 3, 4 டெசிபல் குறையும் வரை இறக்குங்கள். பிறகு அட்டாக்கை வேண்டுமென்றே மிக வேகமாக வைத்து, கிக் எப்படி மந்தமாகிறது என்று கேளுங்கள். மெதுவாக்கிக்கொண்டே வந்தால் க்ளிக் எட்டிப் பார்க்கும் இடம் ஒன்று வரும். அங்கே விடுங்கள். ரிலீஸுக்கு மீட்டரைப் பாருங்கள்: அடுத்த கிக் விழும் முன் அது பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் அடுத்த அடி ஏற்கெனவே அமுங்கிய நிலையில்தான் வரும். நாப்களே அதிகம் இல்லாத கம்ப்ரசர் என்றாலும் கவலை வேண்டாம். டிபிஎக்ஸ் 160இல் அட்டாக்கும் கிடையாது ரிலீஸும் கிடையாது, இருந்தும் கிக்குக்கும் ஸ்னேருக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மொத்த டிரம்ஸுக்கும் சேர்த்து ஒரே கம்ப்ரசர், அதாவது பஸ் கம்ப்ரசர், போட்டால் 2 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள். சைட்செயின் ஃபில்டர் (கீழ் அலைவரிசைகளுக்குக் கம்ப்ரசர் எதிர்வினை காட்டாமல் செய்வது) இருந்தால் 100 ஹெர்ட்ஸில் போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கிக்குக்கும் ஹாட்டும் ஸ்னேரும் சேர்ந்து குனியும். அது சில ஹவுஸ் பாட்டுகளுக்கு அழகு, மற்றதற்குத் தொல்லை.

இந்தப் படியில் காது நம்மை ஏமாற்றுவது போல வேறெங்கும் ஏமாற்றாது. கம்ப்ரசர் போட்டதும் மேக்கப் கெயினால் (அமுக்கியதை ஈடுகட்டக் கூட்டும் லெவல்) 2 டெசிபல் ஏறியிருக்கும். சத்தம் கூடினதைப் பஞ்ச் கூடினதாக எடுத்துக்கொள்வோம். பைபாஸ் செய்யும்போதும் (கம்ப்ரசரை விலக்கிக் கேட்கும்போதும்) செய்யாதபோதும் ஒரே லெவலில் இருக்கும்படி வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். பாதி நேரம் பைபாஸ்தான் ஜெயிக்கும்.

படி 9: ஈக்யூ, கடைசியாகப் பேஸ்

ஈக்யூவில் கூட்டுவதைவிட வெட்டுவதில் பலன் அதிகம். கிக்கில் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்தால் அட்டைப்பெட்டித்தனம் போகும். ஹாட்டில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தேவையில்லை. இரண்டு கிக்கை அடுக்கினால் ஒன்றுக்கு மட்டும் அடிப்பகுதி இருக்கட்டும், மற்றதை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிசெகண்ட் தள்ளிப்போனால் போதும், இரண்டு கிக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். அடுக்கியதும் பேஸ் குறைந்தது போலத் தோன்றினால் ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழ் திசை) திருப்பிப் பாருங்கள்.

கிக் தனியாக நன்றாக இருந்து பாட்டில் மட்டும் மெலிகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி பேஸ் லைன்தான். கிக் விழும் ஸ்டெப்பில் பேஸ் நோட்டைத் தூக்கிவிட்டு, அடுத்த ஸ்டெப்பில் தொடங்குங்கள். நோட்டை நகர்த்த முடியாத பாட்டு என்றால், பேஸில் ஒரு கம்ப்ரசர் போட்டு, அதை இயக்கும் சிக்னலாக, அதாவது சைட்செயினாக, கிக்கைக் கொடுத்து பேஸை 3, 4 டெசிபல் குனிய வையுங்கள், 100 மில்லிசெகண்டில் அது நிமிர்ந்துவிடட்டும். இதைச் சரிபார்க்க ஸ்பீக்கரின் சத்தத்தை, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்கு இறக்குங்கள். அந்த அளவிலும் கிக் எங்கே விழுகிறது என்று தெரிந்தால் பதிவு செய்துவிடலாம். தெரியவில்லை என்றால் கம்ப்ரசரைத் தொடாமல், படி 2இல் உள்ள டீகே நாப்புக்குத் திரும்புங்கள்.